கிரகத்துக்குக் கிரகம் உத்தரவு கேட்டவர்

அண்டவெளியிலேயே மிக மெதுவாகப் பயணம் செய்த மனிதர் எங்கள் கங்காணிதான். நத்தை ராக்கெட் ஏறியிருந்தாலும் அவரை முந்தியிருக்கும்.

நான் மலேசிய மலையூரான தானா ராத்தாவில் ஆசிரியராக இருந்தபோது அவர் பக்கத்து வீடு. பகலில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஆட்களுக்கு மேற்பார்வை; மாலையானால் என்னோடு கணினியில் விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கப்பல். கிரகம் கிரகமாகப் போய் இறங்கலாம். அங்கே எதைக் கட்டினாலும் அழியாமல் நிற்கும். யாரும் பார்க்காத கிரகத்தில் முதலில் இறங்குபவர் அதற்குப் பெயர் வைக்கலாம். ஆட்டம் ஆடுகிற அத்தனை பேருக்கும் பிறகு அந்தப் பெயர்தான். ஒரு கிரகத்துக்காவது என் பெயர் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

கங்காணி விட்டால்தானே?

தோட்டத்தில் புது மலையில் வேலை தொடங்குமுன் மூன்று கல் நட்டு முனியாண்டியிடம் உத்தரவு கேட்பார்கள். இந்த மனிதர் அதை விண்வெளிக்கும் கொண்டு வந்துவிட்டார். இறங்கியதும் கல் தேடுவார். பிறகு கிழக்கு எது என்று பார்ப்பார். இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் அவர் கிழக்கைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது.

"கங்காணி, இங்க ஒரு புழு பூச்சிகூட இல்ல. யாருகிட்ட உத்தரவு கேக்கறீங்க?"

"ஆள் இல்லன்னா எல்லைக்குச் சாமி இல்லாம போயிருமா சார்? கொஞ்சம் பொறுங்க லா."

ஒருமுறை கப்பலுக்கு எரிபொருளாக வைத்திருந்த சிவப்புத் தாதுவை, குங்குமம் மாதிரி இருக்கிறதென்று கல்லுக்கே பூசித் தீர்த்துவிட்டார். சுரண்டி எடுங்கள் என்றேன். "சாமிக்குக் கொடுத்தத எப்படி சார் திருப்பிக் கேக்கறது?" என்றார். அந்தக் கிரகம் முழுக்க நடந்து தாது தோண்டியது நான்தான்.

வேறொரு நாள், ஏதோ தேசத்துக்காரன் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, இது என்னவென்று கேட்டுச் செய்தி அனுப்பினான்.

"செருப்பக் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார்" என்றார் கங்காணி. விண்வெளி உடுப்பில் செருப்பை எங்கே போய்க் கழற்றுவது?

கடைசியில் யாருமே மிதிக்காத கிரகம் ஒன்று கண்ணில் பட்டது. கங்காணி முந்தைய கிரகத்தில் மூன்றாவது கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். "நீங்க முன்ன போங்க சார், பின்னாடியே வந்துடறேன்" என்றார்.

போய் இறங்கினேன். என் பெயரைத் தட்டச்சும் செய்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. விரல் போகவில்லை. உத்தரவு கேட்கிற ஆள் இன்னும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன கேடு பாருங்கள்.

அதற்குள் கிரகத்தின் மறுபக்கத்தில் எவனோ இறங்கித் தன் பெயரை வைத்துவிட்டான்.

கங்காணி சாவகாசமாக வந்து சேர்ந்தார். "ஏன் சார், பேர் வைக்கலயா?"

"எல்லாம் உங்களாலதான்" என்று கத்தினேன். அவர் பாட்டுக்குக் கல் தேடப் போய்விட்டார்.

வயிற்றெரிச்சல் இன்றுவரை இருக்கிறது. ஆனாலும் நான் தனியாக உட்கார்ந்திருந்த வரை அந்தக் கிரகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர் வந்து இறங்கிய பிறகுதான் பிடித்தது.