மேற்கு ஜன்னலுக்கு நிக்கல் வைத்தியம்

நம் நாட்டில் விளக்கநாதர் என்றோர் இனம் உண்டு. கல்யாண வீட்டில் நீங்கள் பாட்டுக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது, "இது சுண்ணாம்பு இல்லீங்க, கால்சியம் ஹைட்ராக்சைடு" என்று தோளைத் தொடுவாரே, அவர்தான். அது ஏன் வெள்ளையாகத் தெரிகிறது, அதன் எலெக்ட்ரான்கள் ஏன் இடத்தைவிட்டு அசைய மறுக்கின்றன என்றெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் வெற்றிலை வாடி, பந்தி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ரயில் ஏறியிருப்பார்கள். நிறுத்தச் சொல்ல முடியுமா? அறிவாயிற்றே!

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் இந்த இனத்துக்குத் தலைவராக விளங்கியவர், தருமபுரத்தில் குடியிருந்த வேதியியல் பேராசிரியர் தியாகராசன். அவரிடம் அகப்பட்டவர் ரோழே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்.

ரோழேவுக்கு அப்போதுதான் கண்புரை எடுத்திருந்தார்கள். கூடத்து மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் இறங்கினால் கண்ணில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். மனைவி ஜோசெஃபின் கருநீலத் துணி வாங்கித் திரை தைத்து, அதை மாட்ட முக்காலியில் ஏறவும், தியாகராசன் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"திரையா? முசியே, நீங்களுமா?"

அப்புறம் என்ன, விளக்கம்தான். கண்ணாடியில் நிக்கல் ஹைட்ராக்சைடை மெல்லிசாகப் பூசினால் பூசியதே தெரியாது. பேட்டரியில் இணைத்தால் எலெக்ட்ரான்கள் கிளம்பிப் போகும், கண்ணாடி காப்பி நிறமாகும், அறையில் நிழல் விழும். கம்பியை மாற்றிக் கொடுத்தால் போனவை திரும்பி வரும், வெளிச்சமும் கூடவே வரும்.

"பொத்தானை அமுக்குனா நிழலுங்க! பாரிஸ்லகூட இன்னும் வரல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ரோழே விழுந்தார். பாரிஸில் இல்லாதது தன் வீட்டில்!

"ஜோசெஃபின், துணிய மடிச்சு வை."

"ஏங்க, கண்ணாடி வர்ற வரைக்குமாவது தொங்கட்டுமே?"

"சார் என்ன நெனப்பாரு?"

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. கண்ணாடி வரவில்லை; ஞாயிறுதோறும் தியாகராசன் வந்தார். காப்பி குடித்தபடி எலெக்ட்ரான்களின் குடும்ப வழக்குகளை விவரித்தார். வெயில் தாங்காமல் ரோழே ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டால், "எவ்வளவு ஆழ்ந்து கேக்குறாரு!" என்று உருகினார். துண்டுக்குள் ரோழேவுக்கு அழுகையாக வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கடைத்தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டதே!

கடைசியில் ஒரு நாள் கண்ணாடி வந்தது. ஜன்னலோ ஆள் உயரம். கண்ணாடி தபால் கார்டு அளவு.

"இது சும்மா மாதிரித் துண்டுங்க" என்றார் தியாகராசன், கூசாமல்.

பேட்டரிக் கடைத் தாவூது பேட்டரியோடு வந்திருந்தார். காரக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குவளையை ஜன்னல் கட்டையில் வைத்து, பூச்சு போட்ட அந்தக் கண்ணாடித் தகட்டை அதில் முக்கி, கம்பியைத் தொட்டார்கள். மெல்ல மெல்லத் தகடு பழுப்பேறிக் கடுங்காப்பி நிறத்துக்கு வந்தது. ரோழே குனிந்து அதன் வழியாகச் சூரியனைத் தேடினார். எரிச்சல் இல்லை. கார்டு அளவு நிழலில் அவருடைய கண் நன்றாகத் திறந்தது. "மெர்சி, சார்" என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார்.

"திரும்ப வெளுக்க வைங்க பாப்போம்" என்றார் தாவூது.

கம்பியை மாற்றினார்கள். தகடு வெளுத்தது உண்மை. ஆனால் பூச்சு முழுவதும் உரிந்து, டீத்தூள் மாதிரி குவளையின் அடியில் போய்ப் படிந்துவிட்டது.

தியாகராசன் துள்ளிக் குதித்தார். "அருமை! ஏன் உரிஞ்சுதுன்னு தனியா ஒரு கட்டுரையே எழுதலாம்!"

"சார், எங் கண்ணு?"

"அது அடுத்த கட்டம், முசியே."

தாவூது கடைக்குக் கிளம்பியதும் ஜோசெஃபின் எழுந்தாள். முக்காலியைப் போட்டு ஏறினாள், திரையை மாட்டினாள், இறங்கினாள். கூடம் குளிர இருண்டது. இத்தனை வாரம் வெந்தது இந்த நாலு முழத் துணி இல்லாமலா? ரோழேவுக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப பாருங்க, அந்தக் கருநீலம் ஒளிய எப்படி உறிஞ்சுதுன்னா..."

"சார், சொல்லாதீங்க."

தியாகராசன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ரோழே அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

நல்லபடியாக முடிந்தது என்கிறீர்களா? அடுத்த வாரம் தாவூது விட்டுப்போன பேட்டரியை எடுத்துப்போக வந்தார். "என்னாங்க இது, உள்ள இப்படி இருட்டா இருக்கு?" என்று வாசலிலேயே தயங்கினார். வெயிலுக்குத் திரை போட்டிருக்கிறோம் என்றால் தீர்ந்தது. ரோழே நாற்காலியை இழுத்துப் போட்டார். முகத்தில் தனி ஒளி.

"உக்காருங்க பாய். எலெக்ட்ரான்னு ஒண்ணு இருக்கு..."

உள்ளே ஜோசெஃபின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு நேர்மையாகச் சொல்லுங்கள்: இந்தப் பக்கத்துக்கு வரும்வரை நிக்கல் ஹைட்ராக்சைடு ஏன் பழுப்பாகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்?