காற்றாடிக்குத் தோரணம் கட்டிய கதை

கோபக்காரர்களில் இரண்டு வகை உண்டு. கத்தித் தீர்ப்பவர்கள் ஒரு வகை. பட்டியல் போடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. அந்த ஒரு நாளைப் பற்றி நான் போட்ட பட்டியலில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. ஆறு வருஷமாகியும் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. நான்காவது பெயர் என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வீடு மலாக்காவில், கஜா பெராங்கில். மலாயில் அதற்கு 'சினம் கொண்ட யானை' என்று அர்த்தம். (வருகிற உறவினர் எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். யானைக்கென்ன, மிதித்துவிட்டு மறந்துவிடும். நான் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.)

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் பெற்றதற்கு, அடுத்த வருஷம் கோலாலம்பூரில் இயந்திரப் படிப்பு முடித்து ஊர் திரும்பினேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி: "டைப்ரைட்டிங் தெரியுமா?" தெரியாது. பம்பு பிரிக்கத் தெரியும், பேரிங் மாற்றத் தெரியும் என்றேன். சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை அக்கா வந்தார். அவர் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டான். தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்த பன்னிரண்டு குடும்பங்கள் தெங்கேராவுக்கு அப்பால் கடலோரமாக ஒரு மணல் நிலத்தைத் தற்காலிகப் பெர்மிட்டில் வாங்கிக் கீரையும் கத்திரியும் வெண்டையும் போட்டிருந்தன. பெர்மிட் முடிய மூன்று மாதம் இருந்தது. 'நிலையான நீர் வசதி' இருந்தால்தான் நீட்டிப்பு என்று கடிதம் வந்திருந்தது. அப்போதிருந்த நீர் வசதி அஞ்சலை அக்காவின் தோள்தான். இரண்டு மண்ணெண்ணெய் டின், அவற்றை இரண்டு முனையிலும் தொங்கவிட ஒரு காண்டா கம்பு, விடியலிலிருந்து முப்பது நடை.

"தண்ணி எறைக்கிற மிசினு ஒன்னு செஞ்சி குடு தங்கச்சி. பெர்மிட்டு போச்சின்னா நாங்க எங்க போறது? திரும்பிப் போக லயம்கூட இல்ல," என்றார்.

டீசல் பம்பு வைக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். கடலோரக் கிணறு அப்படிப்பட்டதல்ல. அங்கே மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக நிற்கிறது. மெதுவாக எடுத்தால் வருஷம் முழுக்கக் கொடுக்கும். அவசரமாக உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவரும். மெதுவாக, விடாமல், எண்ணெய் கேட்காமல் இறைக்க அங்கே ஒருவன் தயாராக இருந்தான்: தினமும் மதியம் தவறாமல் வருகிற கடற்காற்று.

இரண்டு மாதத்தில் அந்தக் காற்றில் ஓடும் காற்றாடிப் பம்பு ஒன்றைச் செய்து முடித்தேன். பழைய லாரி அச்சு, தகரத்தில் வெட்டிய பதினாறு இறக்கைகள், மரக் கோபுரம், உச்சியில் காற்று எந்தப் பக்கம் வந்தாலும் சக்கரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிற நீண்ட தகர வால். அண்ணன் குமரேசன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். (பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் பல்பு மாற்றவும் என்னைத்தான் கூப்பிடுவார். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.) நான் முப்பத்தோரு அம்சங்கள் கொண்ட சோதனைப் பட்டியல் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பதினான்காவது அம்சம்: 'தலையும் வாலும் தடையில்லாமல் திரும்புகிறதா?' சரி என்று சிவப்பு மையில் அழுத்தமாகக் குறித்தேன்.

நிலத்தைப் பார்வையிட வரவேண்டிய அதிகாரியிடம் மதியம் மூன்று மணி கேட்டேன். அப்போதுதான் காற்று இருக்கும். அவர் காலை பத்து என்றார். மாலையில் அவருக்கு டென்னிஸ். அவர் நம்மவர்தான், ஆனால் மூச்சுகூட ஆங்கிலத்தில்தான் விடுவார். "மேடம், விண்ட் இஸ் விண்ட்," என்றார். அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இவருக்கு மேசையும் மின்விசிறியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது என் காற்றாடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம் நடக்கவிருந்தது போல் இருந்தது. மணலில் நான்கு கால் நட்டு, கித்தான் போட்டு, பந்தல். இரண்டு பக்கமும் வாழை. நடுவில் பெரியப்பா. கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் தோரணமும் அவர் பொறுப்பு. அதை அவர் எந்த இடத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. கையில் ஆளுயர மாலை.

"ஏ கமலம், ஏணியப் போடு. சக்கரத்துக்கு மாலை போடணும்."

"பெரியப்பா, இது மிசின். அதுல எதையும் கட்டக் கூடாது."

"மிசினுன்னா? ஆயுத பூஜைக்கு லாரிக்கே மாலை போடுறோம். லாரி ஓடலியா?"

"சுத்துற சக்கரத்துல மாலை சிக்கும்."

"எங்க சுத்துது? காட்டு பாப்போம்."

நிமிர்ந்து பார்த்தேன். காலை ஒன்பது மணி. ஒரு கீரை இலைகூட அசையவில்லை. என் சக்கரம் சுவரில் மாட்டிய தட்டைப் போல நின்றது. பெரியப்பாவின் முகத்தில் இருந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அஞ்சலை அக்கா நடுவில் வந்தார். "பெரியவரு ஆசப்படுறாரு தங்கச்சி. ஆபிசரு துவான் வர்ற நேரம். சும்மா மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்?"

இங்கேதான் படித்தவள் தன் புத்தியைக் காட்டினாள். சக்கரத்தில் மாலை கிடையாது. அதற்குப் பதில் வாலில் தோரணம் கட்டிக்கொள்ளலாம் என்று சமரசம் செய்தேன். வால் சுற்றாதல்லவா? அங்கிருந்து பந்தல் கால் வரைக்கும் மாவிலையும் தென்னங்குருத்தும் தொங்கவிட்டால் பெரியப்பாவுக்கும் திருப்தி, எனக்கும் தொல்லையில்லை. (பதினான்காவது அம்சம் நேற்றே சரி பார்த்தாகிவிட்டது. ஒருமுறை குறித்ததை மறுபடி பார்ப்பானேன்?)

பெரியப்பா வாழை நாரை எடுத்தார். அதையாவது விட்டிருக்கலாம். இழுத்தால் அறுந்து போயிருக்கும், நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

"நாரா? அது அறுந்து அச்சுல விழும்," என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, மீன்பிடிப் படகு கட்டுகிற தடித்த கயிறு ஒன்றை வாங்கி வந்தேன். நானே ஏணியில் ஏறினேன். படிப்பில் கற்ற முடிச்சு ஒன்று உண்டு. இழுக்க இழுக்க இறுகும், எந்தப் பாரத்துக்கும் அவிழாது. வாலில் ஒன்று, பந்தல் காலில் ஒன்று போட்டேன். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "இப்ப யானை கட்டி இழுத்தாலும் வராது," என்று சொன்னதாக அண்ணன் சத்தியம் செய்கிறார். நான் மறுக்கவில்லை.

அதிகாரி பத்தரைக்கு வந்தார். மாலை, சந்தனம், ரோஜாத் தண்ணீர் எல்லாம் ஆனதும் நேராக ஏணிக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனிடம் போய்க் கை குலுக்கினார்.

"வெல் டன், யங் மேன். நீதானே இன்ஜினியர்?"

அண்ணன் வாயைத் திறந்தார். "இல்ல சார், வந்து..." என்பதற்கு மேல் வரவில்லை.

"நான் செய்தது," என்றேன்.

"ஓ, வெரி நைஸ்," என்று என்னிடமிருந்து பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டார். நான் தட்டு நீட்டவில்லை. அஞ்சலை அக்கா என் கையில் அப்போதுதான் திணித்திருந்தார். பந்தலின் நடு நாற்காலியில் உட்கார்ந்து ஜிலேபியைக் கடித்தபடி, நிற்கிற சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்: "பட் இட் டஸ் நாட் மூவ்."

அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார். பன்னிரண்டு குடும்பமும் என்னைப் பார்த்தது. முப்பத்தோரு அம்சங்களில் 'காற்று வா என்றால் வருமா' என்று ஒன்று இல்லை.

அப்போது கடல் பக்கம் வானம் கறுத்தது. மலாக்காக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து முன்னறிவிப்பில்லாமல் வந்து கால் மணி நேரம் அடித்துவிட்டுப் போகிற சுமத்ராக் காற்று. பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, தோரணம் கட்டுனதும் வந்துட்டான்!"

வந்தான். என் காற்றாடி அற்புதமாக வேலை செய்தது. செய்ய வேண்டியதை ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் செய்தது: தலையைக் கடல் பக்கம் திருப்பியது. தலை திரும்பினால் வால் திரும்ப வேண்டும். வால் திரும்பினால் கயிறு வர வேண்டும். கயிறு வந்தால் பந்தல் கால் வர வேண்டும். கால் நட்டிருந்தது மணலில். என் முடிச்சு அவிழவில்லை.

பந்தல் ஒருமுறை மூச்சை இழுத்ததுபோல் உப்பி, அதிகாரியின் மேல் அமைதியாக உட்கார்ந்தது. வால் மறுபக்கம் திரும்பியபோது கித்தானும் அவரும் நாற்காலியும் கீரைப் பாத்தி வரை ஊர்வலம் போனார்கள். சக்கரம் வெறி பிடித்துச் சுற்றியதில் பம்பு குழாய் நிறையத் தண்ணீரைக் கொட்டியது. எங்கே? அதே பாத்தியில். கித்தானுக்கு அடியிலிருந்து, "ஐயோ அம்மா! யாராவது தூக்குங்கடா!" என்று தெளிவான தமிழ் கேட்டது. இவ்வளவு நல்ல தமிழை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ.

"கயித்த அவுருங்க!" என்று கத்தினேன். நான்கு ஆண்கள் இழுத்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. அச்சு வளைந்து, இரண்டு இறக்கைகள் பறந்து வெண்டைக்குள் விழுந்து, கோபுரம் சாய்ந்த பிறகு பெரியப்பா தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியால் அறுத்தார்.

அதிகாரியின் அறிக்கை பத்து நாளில் வந்தது. காற்றை நம்ப முடியாது, டீசல் பம்பு வைத்தால் பெர்மிட் நீட்டிக்கப்படும். எதை நம்ப முடியாதாம்? அன்று அந்த இடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது காற்று ஒன்றுதான். உப்பு ஏறும் என்று நான்கு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பதிலில் 'திரு. குமரேசன் அவர்களுக்கு' என்று போட்டிருந்தது.

டீசல் பம்பு வந்தது. ஒரு நாள் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் இறைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஐந்தாவது மாதம் கீரையின் ஓரங்கள் கருகின. ஒரு சாயங்காலம் அஞ்சலை அக்கா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கஜா பெராங்குக்கே வந்துவிட்டார்.

"குடிச்சிப் பாரு."

குடித்தேன். உப்பு.

"நீ சொன்னப்ப நாங்க கேக்கல. நாங்க சொன்னப்ப நீ ஏன் கேட்ட? தோரணம் வேணான்னா வேணான்னு நிக்க வேண்டியதுதான?"

அன்று வரை யாரும் என்னை இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை.

அதற்குள் நான்கு குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டன. அந்த நான்கு குடும்பங்களுக்காக நான் இன்னும் கோபமாக இருக்கிறேன். சிரித்துக்கொண்டே எழுதுவதால் கோபம் போய்விட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். டீசல் பம்பைக் கழற்றி, கிணற்றை இரண்டு மழைக்காலம் ஆறவிட்டு, அச்சை நிமிர்த்திக் காற்றாடியைத் திரும்ப நிறுத்தினேன். அதுவரை அக்கா மறுபடி காண்டா கம்பைத் தூக்கினார். இப்போது எட்டுக் குடும்பங்களுக்குக் காற்றாடிதான் இறைக்கிறது. கோப்பில் மட்டும் இன்னும் டீசல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பட்டியலில் இப்போது முப்பத்திரண்டு அம்சங்கள். கடைசி அம்சத்துக்குப் பெரியப்பாவிடமே கையெழுத்து வாங்கினேன்: 'தோரணம் இல்லை.'

போன தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் தங்கச்சி போட வேண்டும். நான் மணப்பெண்ணின் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்ததும் நாதஸ்வரத்தையும் மீறிப் பெரியப்பாவின் குரல் வந்தது:

"கமலம் முடிச்சு போடுறா! எல்லாரும் பந்தக் கால கெட்டியா புடிச்சிக்குங்க!"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கோபத்தில் என் கை தானாகவே படித்த முடிச்சைப் போட்டுவிட்டது. தாலிக் கயிறு மாற்றுகிற நாளில் அண்ணி அரை மணி நேரம் போராடிவிட்டு என்னிடம் வந்தார்.

"இத எப்படிங்க அவுக்கிறது?"

பெரியப்பா கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.