வைரத்தைத் தெருவுக்குக் கொண்டுபோன வடக்கு பாய்

ஆம்பூரில் வடக்கு பாய் குறை சொல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. சூரியனைப் பற்றிக் கேட்டால்கூட, "வெளிச்சம் ஜாஸ்தி, அதுல எதையும் ஒழுங்கா பாக்க முடியாது" என்றுதான் சொல்வார். சொல்லியும் இருக்கிறார். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பெயரைக் கேட்டு வடநாட்டுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்விஷாரத்தில் பிறந்து ஆம்பூரில் குடியேறிய அசல் உள்ளூர்க்காரர். டேனரியில் செலக்‌ஷன் வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, தடவி, மடக்கி, திருப்பிப் போட்டு, இது முதல் தரம், இது ரெண்டாம் தரம், இது தள்ளுபடி என்று பிரிப்பார். அந்த மேஜையை எப்போதும் வடக்குப் பார்த்த ஜன்னலோரமாகத்தான் போடுவார்கள். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். முள் கீறிய தடம், உண்ணி கடித்த புள்ளி என்று தோல் ஒளித்து வைத்திருப்பதெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் மாட்டும். மற்ற செலக்டர்கள் சங்கு ஊதியதும் இந்த வழக்கத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கூடவே எடுத்துக்கொண்டு போவார்.

மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் நேராகக் கடையின் வடக்குப் பக்கம் நடப்பார். கல்யாணப் பந்தியில் பிரியாணித் தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கறியைத் திருப்பிப் பார்ப்பார். நான் அதே கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் அடிக்கிற குமாஸ்தா. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாப்பா டாக்குமென்ட்டு" என்பார். ஒரு ரம்ஜானுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தி, தோளைப் பிடித்து வடக்கே திருப்பி, காலரை உள்பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு வித்தது இத?"

கடையைச் சொன்னேன்.

"அவனுக்கு உன் மேல இன்னா கோவம்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வாணியம்பாடிக்குப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். நல்ல பையன். அடக்கமாக வந்து சலாம் சொல்லி உட்கார்ந்தான். பாய் எழுந்தார். "தம்பி, கொஞ்சம் இப்படி ஜன்னலாண்ட வாப்பா" என்றார். பையன் போனான். பாய் அவன் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "அப்படியே திரும்புப்பா, முதுகப் பாப்போம்" என்றார். நான் தட்டிலிருந்த பிஸ்கட்டை எண்ண ஆரம்பித்தேன். மேல்விஷாரத்து வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டு பையன் பாவம், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். திரும்பி வருகிற பஸ்ஸில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ரெண்டாம் தரம். ஆனா தாங்கும்" என்றார் பாய். அந்தக் கல்யாணம் நடந்தது. இன்றுவரை தாங்குகிறது.

இப்பேர்ப்பட்ட மனிதரை வைரம் வாங்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஜெயசீலி அக்காவுக்குத் தோன்றியது.

அக்கா எங்கள் கம்பெனியின் ஷூ பிரிவில் தையல் லைன் சூப்பர்வைசர். பதினெட்டு வயதில் மெஷினில் உட்கார்ந்தவர், போன வருடம்தான் ஓய்வு பெற்றார். கையில் கிடைத்த பணத்தை வங்கியில் போடச் சொல்லி மகன் மன்றாடினான். அக்கா கேட்கவில்லை. ஒற்றைக் கல் வைர மோதிரம் வேண்டும், கல் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிரிவு உபசார டீயின்போது பாயையும் என்னையும் ஓரமாக அழைத்துக் காரணத்தைச் சொன்னார்.

அவருடைய கல்யாணத்தில் அவர் அப்பா ஒரு ஒற்றைக் கல் மோதிரம் போட்டு அனுப்பியிருக்கிறார். நாத்தனார் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னா இது, கண்ணாடிக் கல்லு போட்டு அனுப்பிச்சிருக்காங்க" என்றிருக்கிறார்.

"அது நெஜமாவே கண்ணாடிதான் பாய்" என்றார் அக்கா. "எங்கப்பா ஏமாந்துட்டாரு. அவருக்குப் பாக்கத் தெரியல. அன்னிக்கு அவரு மொகம் போன போக்க நான் இன்னும் மறக்கல. அடுத்த மாசம் அதே நாத்தனாரோட பேரனுக்குக் கல்யாணம். அந்தம்மா முன்னாடி நான் கைய நீட்டணும். அது வாயில ஒரு வார்த்த வரக் கூடாது."

"எனக்கு வைரம் தெரியாதும்மா."

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது போதும்."

பாய் தாடியைத் தடவினார். "வர்றேன்" என்றார்.

வேலூரில் ஒரு பெரிய நகைக் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் கூசியது. கூரையெங்கும் குட்டி விளக்குகள், ஒவ்வொன்றும் கீழே இருக்கிற கண்ணாடிப் பெட்டியை நோக்கிக் குனிந்து எரிந்தது. டை கட்டிய விற்பனையாளர் எங்களை உட்கார வைத்து, கறுப்பு வெல்வெட் தட்டில் ஒரு கல்லை வைத்தார். பட்டாணி அளவுக்கு இருந்தது. தட்டை லேசாக அசைத்ததும் சிவப்பும் நீலமுமாகத் தெறித்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் "அம்மாடி" என்றேன்.

பாய் கல்லைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ லைட்டு போட்டா என் செருப்புகூட மின்னும்" என்றார் கடைசியில். "இதுக்குப் பின்பக்கம் எது?"

விற்பனையாளர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை போலிருந்தது. "சார், சர்ட்டிபிகேட் இருக்கு. எடை, நிறம், சுத்தம் எல்லாம் போட்டிருக்கும்."

"வெட்டு?"

"அதுவும் நல்லாருக்குன்னுதான் சார் போட்டிருக்கு."

"யாரு பாத்துச் சொன்னாங்களோ அவங்க பாத்தாங்க. நான் இன்னும் பாக்கலியே" என்றார் பாய். கல்லை இடுக்கியால் எடுக்காமல் இரண்டு விரலால் எடுத்தார். எழுந்தார். நடந்தார்.

மார்க்கெட்டில் கத்தரிக்காயை எடுத்ததும் கால் தானாக வடக்கே போகிற மனிதர் அவர். வேறு எதுவும் மனதில் இல்லை. ஆனால் எனக்கு அது புரிவதற்குள் அவர் பாதி ஹாலைத் தாண்டிவிட்டார். வெள்ளைத் தாடி, வெள்ளை ஜிப்பா, நிதானமான நடை. வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் அவரைக் கண்டதும் விறைப்பாக சல்யூட் அடித்து, கதவைத் திறந்துவிட்டார். ஜெயசீலி அக்காவின் வாழ்நாள் உழைப்பு அளவுக்கு விலையுள்ள கல்லோடு வடக்கு பாய் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

விற்பனையாளர் "சார்" என்று ஒரு முறை மெதுவாகச் சொன்னார். அடுத்த முறை அலறினார். எங்கேயோ மணி அடித்தது. ஷட்டர் பாதி இறங்கியது. மேனேஜர் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். காவலர் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் சுழற்றினார். அக்கா நாற்காலியில் கல்லாய்ச் சமைந்திருந்தார். நான்தான் எப்படியோ, "வடக்கு எந்தப் பக்கம்? வடக்கு எந்தப் பக்கம்?" என்று கத்தினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று மேனேஜர் முடிவு செய்திருப்பார்.

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து எல்லாரும் வெளியே ஓடினோம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போனால், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில், நிழலில், பாய் நின்றுகொண்டிருக்கிறார். முகம் வடக்கே. கை நீட்டிய தூரத்தில் கல்.

"பெரியவரே!" என்று மேனேஜர் மூச்சு வாங்கினார். "இன்னா பண்றீங்க? நான் போலீசைக் கூப்பிட இருந்தேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் வந்து பாக்கட்டும்" என்றார் பாய், திரும்பாமலே. "நீங்க இங்க வாங்க. இந்த நிழல்ல நின்னு பாருங்க. நடுவுல இன்னா தெரியுது?"

மேனேஜர் பிடுங்குவதற்குத்தான் கையை நீட்டினார். ஆனால் பார்வை கல்லின் மேல் விழுந்தது. கை அப்படியே நின்றது.

நானும் எட்டிப் பார்த்தேன். கடைக்குள் அத்தனை ஆட்டம் போட்ட கல் இங்கே செத்துக் கிடந்தது. நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். பாய் அதைப் பக்கவாட்டில் திருப்பினார். வைரம் தெரியாது என்றவர், தோலைப் படிக்கிற அதே கண்ணால் அதைப் படித்தார்.

"அடி ரொம்ப ஆழமா எறங்கியிருக்குது. மேல விழற வெளிச்சம் திரும்பி வராம கீழயே போய்டுது. இடுப்பப் பாருங்க, இன்னா தடிமன். எடை பூரா இங்கதான் ஒளிஞ்சிருக்குது. கல்லு பெருசுன்னு காசு வாங்கிடுவீங்க, பாக்குறவங்க கண்ணுக்கு சின்னதாத்தான் தெரியும்." பிறகு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தப்பு பண்ணீங்கன்னு நான் சொல்லல. நீங்க இத வெளிய எடுத்துனு வந்து பாத்ததே இல்ல. அவ்வளவுதான்."

எங்களைவிட மேனேஜருக்குத்தான் அதிர்ச்சி கூடுதல். "இருபது வருசமா விக்கிறேன்" என்று மட்டும் முனகினார். "இந்தச் சந்துக்கு நான் வந்ததே இல்ல."

அப்புறம் நடந்ததை வேலூர்க்காரர்கள் சிலர் கண்ணால் பார்த்திருக்கலாம். கடையின் பெரிய கல்லெல்லாம் தட்டோடு அந்தச் சந்துக்கு வந்தன. முன்னால் துப்பாக்கிக் காவலர், பின்னால் விற்பனையாளர், நடுவில் குடை பிடித்துக்கொண்டு மேனேஜர். "குடைய மடக்குங்க, வெளிச்சம் மறைக்குது" என்று பாய் அவரை அதட்டினார். ஜூஸ்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பாய் ஒவ்வொரு கல்லாக எடுத்தார், சாய்த்தார், கவிழ்த்தார். ஒன்றை ஜூஸ் வண்டியின் விலைப்பட்டியல் மேல் குப்புறப் போட்டு, "அடியில எழுத்து படிக்க வருது பாருங்க. உள்ள பூந்த வெளிச்சம் ஓடிப்போகுதுன்னு அர்த்தம்" என்றார். பழக்கதோஷத்தில், காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து வெல்வெட் தட்டில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தள்ளுபடித் தோலுக்குப் போடுவது போலப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாவதாக ஒரு கல். முதல் கல்லைவிட எடை கம்மி. பாய் அதை வெகுநேரம் பார்த்தார். நிழலில் எந்த விளக்கும் இல்லாமலே அது விளிம்புவரை வெளிச்சமாக இருந்தது, முதல் கல்லைவிடப் பெரிதாகவும் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். சாக்பீஸை எடுக்கவில்லை.

"எடுத்துக்கோ ஜெயசீலிம்மா" என்றார். அவர் ஒரு பொருளைக் குறை சொல்லாமல் கீழே வைத்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அக்கா அழுதார். எனக்கும் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அடுத்த மாதம் கல்யாணம். சர்ச்சில் முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். பாயும் வந்திருந்தார். கூட்டம் என்றாலே பேஜார் என்று ஒதுங்குகிறவர், முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். "யாராவது அந்தக் கல்ல ஒரு வார்த்த சொன்னா, பதில் சொல்ல ஆள் வேணாமா?" என்றார். அக்கா பட்டுப் புடவையில், மோதிரக் கையை முன்னால் வைத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனார். முப்பத்தைந்து வருடம் காத்திருந்த நடை அது.

"அண்ணி" என்று கையை நீட்டினார்.

கிழவி முகத்தைத் தூக்கி, அக்காவுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். "யாரும்மா? குரலு ஜெயசீலி மாதிரி இருக்குது."

சர்க்கரை வியாதியில் கிழவிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தது. அக்கா அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகியிருந்ததால் எங்களில் யாருக்கும் அது தெரியாது. அக்காவின் கை அந்தரத்தில் அப்படியே இருந்தது, பிறகு மெல்லக் கீழே இறங்கியது. எதற்காக இத்தனை வருடம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

பாய் எழுந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கிழவி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஆம்பூர்ல தோல் பாக்குற பாய். உங்க தம்பி பொண்டாட்டி ஒரு வைர மோதிரம் போட்டிருக்குது. நான் சொல்றேன், நீங்க பாருங்க" என்று ஆரம்பித்தார். "நடுவுல ஒரு பொட்டு இருட்டு கெடையாது. இந்தப் பக்கம் சாச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் எழும்புது. கோடெல்லாம் நறுக்குனு ஒண்ணோட ஒண்ணு போய்ச் சேருது. எங்கயும் ஒளிச்சு வெக்கல, எதையும் மறைக்கல. ஒடம்புல இருக்குற எடை பூரா மொகத்துல தெரியுது…"

வாழ்நாளெல்லாம் குறை மட்டுமே சொன்ன வாயில் அத்தனை நல்ல வார்த்தைகள் இருந்ததே எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் பேசினார். கிழவி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு காற்றில் தடவித் தேடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லைத் தொடவில்லை. விரல்களை மட்டும் இறுக்கிக்கொண்டார்.

"உங்கப்பா அன்னிக்கு சாப்புடாமயே எழுந்து போய்ட்டாரு ஜெயசீலி" என்றார். "என்னாலதான். அது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அந்தம்மாவின் மடியில் முகத்தை வைத்து விம்மினார். பாய் நாற்காலியை எடுத்த இடத்தில் திரும்பப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பந்திக்குப் போனார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அவருக்குப் பக்கத்து இலையைப் பிடித்தேன். அன்றைக்கு வேறு யார் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வரவில்லை.