இருபதுக்கு எட்டடி

பக்கத்து வீட்டு ரத்தினம்மாவின் கோழிக்கூண்டு மூன்றடி எட்மண்டின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எட்மண்ட் நான்காவது முறையாக அளந்து பார்த்தார். அப்போதும் மூன்றடிதான்.

"அண்ணே, கோழி அடைக்கு உக்காந்துகினு இருக்குது. இப்ப எடம் மாத்தினா எழுந்து போயிடும்," என்றாள் ரத்தினம்மா.

"வெள்ளிக்கிழமை கன்டெய்னர் வருதும்மா. இன்னும் நாலு நாள்தான்."

"அது இன்னா அது?"

அது என்னவென்று எட்மண்டுக்கே முந்தாநாள்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருக்கும் மகள் வின்னி தந்தி கொடுத்திருந்தாள். 'வெள்ளிக்கிழமை மெட்ராசிலிருந்து கன்டெய்னர் வருகிறது. இருபதுக்கு எட்டடி, கெட்டியான சமதளம் வேண்டும். லாரி வர வழி வேண்டும். விவரம் கடிதத்தில்.' கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. தபால் ஆபீஸ்காரர்தான் ஒரு பத்திரிகைப் படத்தைக் காட்டி, ஓர் அறை அளவுக்கு இரும்புப் பெட்டி, கப்பலில் சாமான் ஏற்றுவது என்று விளக்கினார்.

"அவ்ளோ பெரிய பெட்டியில இன்னா அனுப்புது பொண்ணு?"

எட்மண்டுக்கு அதுவும் தெரியாது. ஆனால் கூண்டு நகர்ந்தாக வேண்டும். "மிக்சி கண்டிப்பா இருக்கும். உனக்கு ஒண்ணு," என்றார்.

கூண்டு நகர்ந்தது. கோழி எழுந்து போனது.

எட்மண்ட் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் போகும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் என்ஜினை இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுபவர். ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, தரை மட்டத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் நிறுத்துவார். அப்படிப்பட்டவருக்கு வீட்டுப் பக்கத்து நிலம் அடங்க மறுத்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் கிழக்கே முக்கால் அடி சரிவு.

தங்கம் பிரித்தெடுத்தபின் மலையாகக் குவித்திருந்த சயனைடு மேட்டு மணலை நான்கு வண்டி கொண்டுவந்து கொட்டி நிரவினார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மழை பெய்தது. மணல் முழுவதும் அடித்துக்கொண்டு, அடுத்த வீட்டு ராஜப்பாவின் வாசல் வழியாகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ராஜப்பா சுரங்கத்தில் கூரை சரியாமல் கட்டை அடித்து முட்டுக்கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சட்டி நிறைய வெள்ளை மணலை வாரிக்கொண்டு வந்து எட்மண்டின் முன்னால் வைத்தார்.

"இது சாம்பார்ல இருந்துச்சு," என்றார்.

"மன்னிச்சுக்கோ ராஜப்பா. பெட்டியில கம்பளிக் கோட்டு வருது. உனக்குத்தான் முதல்ல."

ராஜப்பா கோட்டை யோசித்தார். பிறகு, மணல் நிற்காது, கீழே கல் அடுக்கி மேலே தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, தானே கடப்பாரையோடு வந்தார். இரண்டு பேரும் லீவு போட்டுப் புதன்கிழமை முழுக்கத் தோண்டினார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது.

கம்பெனி கட்டிக்கொடுத்த அந்த லைனில் பதினாறு வீட்டுக்கும் அந்த ஒரே குழாய்தான். குடங்களோடு வந்த பெண்களுக்கு எட்மண்ட் பீங்கான் தட்டு, நைலான் சேலை, அலாரம் கடிகாரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் நின்ற கிழவருக்கு ஒரு பல்செட்டும் உறுதியானது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி லூயிசா, அவர் கை கழுவ வந்தபோது கேட்டாள்.

"ஏங்க, பெட்டியில ஏதாச்சும் மிச்சம் இருக்குமா?"

"நமக்கு இன்னா வேணும்?"

"அதைத்தான் கேக்கறேன். டிசம்பர்ல ரிடையர் ஆனா இந்தக் கம்பெனி வீட்டையே காலி பண்ணணும். வர்ற சாமானை எங்க வெச்சுக்கப் போறோம்? நாமளே எங்க இருக்கப் போறோம்?"

எட்மண்ட் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது. அந்தக் கேள்வி ஒரு வருஷமாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அது பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர் எழுந்து போய் எதையாவது பழுது பார்ப்பார். இந்த நான்கு நாளாக மண்வெட்டியும் ரசமட்டமும் அவருக்குப் பெரிய உதவியாக இருந்தன.

"லாரி திரும்ப எடம் பத்தாது போலிருக்குது. பார்த்துட்டு வரேன்," என்று வெளியே போனார்.

உண்மையிலேயே பத்தவில்லை. முனையில் இருந்த ராஜப்பாவின் மாட்டுக்கொட்டகைச் சுவர் குறுக்கே நின்றது. கோட்டுக்கு மேல் என்ன தருவது என்று எட்மண்ட் யோசித்துக்கொண்டிருந்தபோது ராஜப்பாவே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இடிச்சுக்கலாம் அண்ணே. வின்னி பாப்பா சின்னதுல இங்க வந்துதான் பால் குடிக்கும். அது அனுப்பற பெட்டி தெருவுல நிக்கலாமா?"

வியாழக்கிழமை சுவர் விழுந்தது. மாடு எட்மண்டின் முன்னறைக்குக் குடிவந்தது. ஸ்லீப்பர் கட்டைகள் வரிசையாகப் படிந்தன. ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நின்றது. எட்மண்ட் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, பங்காருபேட்டைப் பக்கமிருந்து வந்த நீள லாரி அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் பகுதிக்குள் நுழைந்தது. முதுகில் நீலநிற இரும்புப் பெட்டி. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எட்மண்ட் கையசைத்து வழிகாட்ட, லாரி பின்பக்கமாகவே வந்து கட்டைகளின் மேல் ஓர் அங்குலம் பிசகாமல் நின்றது.

டிரைவர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "மெட்ராஸ்லகூட இப்படி எடம் ரெடி பண்ணி வெச்சது கெடையாது சார்."

எட்மண்டுக்கு நெஞ்சு நிறைந்தது. ராஜப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

டிரைவர் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவுகளைத் திறந்தார். லைன் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

உள்ளே ஒன்றுமே இல்லை. பின்சுவர் வரைக்கும் வெறும் பலகைத் தரை.

"மிக்சி?" என்றாள் ரத்தினம்மா, மெதுவாக.

எட்மண்டின் முகம் சிவந்தது. "நடுவுல எங்கியோ எறக்கிட்டீங்க. எம் பொண்ணு ராத்திரியும் பகலும் வேலை செஞ்சு அனுப்பின சாமான். ஊரே வாயைத் தொறந்துகினு காத்துனு இருக்குது. இன்னா பதில் சொல்றது நான்?"

லூயிசா அவர் கையைப் பிடித்தாள். டிரைவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு சொன்னார்:

"யாரும் எதையும் எறக்கல சார், இது காலியாத்தான் வரணும். நீங்களும் அம்மாவும் ஆஸ்திரேலியாவுக்கே குடிபோறீங்களாம், வீட்டுச் சாமானை ஏத்தி அனுப்பச் சொல்லி உங்க பொண்ணுதான் புக் பண்ணியிருக்காங்க."