மீன் மேல் குற்றமில்லை

பழவேற்காடு,
15-3-1986

தங்கை நூருன்னிசா பெற்ற அருமை மகன் மக்பூலுக்கு, மாமா ஷாகுல் ஹமீது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மாமி ஆமினா பீவியும் மகள் சுராயாவும் உடம்புக்குச் சுகம். மூக்குக்கு மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. பட்டணத்தில் நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் நலமாக இருக்க துஆ செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு திட்டுகிறேன்.

போன மாதம் லீவில் வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெளிர்மஞ்சள் குருணை கொண்டுவந்தாய். என்ன என்று கேட்டேன். நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி மூடிய இடத்தில் ஆட்கள் விடும் மூச்சில் கரியமில வாயு சேர்ந்துவிடும், இந்தக் குருணை மேல் அமீன் என்று ஒரு மருந்து தடவியிருக்கிறது, அது அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இளஞ்சூடு காட்டினால் விட்டுவிடும், மறுபடியும் பிடிக்கும் என்றாய். எனக்குத் தெரிந்த அமீனா கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வருகிறவர்தான், அவர் பிடித்ததை எந்தச் சூட்டுக்கும் விட்டதில்லை. ஏரிக்காற்றின் ஈரத்தில் இது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும், அடுத்த லீவு வரை இங்கேயே இருக்கட்டும் என்று மாடத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினாய். வைத்ததுதான் வைத்தாய், சாம்பிராணி டப்பாவுக்குப் பக்கத்திலா வைப்பார்கள்?

போன ஞாயிறு பொன்னேரி ஜவுளிக்கடை கௌஸ் மைதீன் தன் மகனுக்காகக் குடும்பத்தோடு சுராயாவைப் பெண் பார்க்க வந்தார். மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை, நல்ல பையன். சுராயாவும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உம்மாவிடம் தலையாட்டிவிட்டாள், அதனால்தான் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல். கோட்டைக்குப்பம் கோதண்டம் விடிகாலையில் துள்ளத் துள்ள மடவை மீன் கொண்டுவந்து கொடுத்தான். குழம்பும் ஆயிற்று, பொரித்தும் ஆயிற்று. வருகிறவர்கள் நுழையும்போது வீடு மணக்கட்டும் என்று உன் மாமி மாடத்தில் கைவிட்டு, சாம்பிராணி என்று நினைத்து உன் குருணையில் ஒரு பிடி அள்ளித் தணல் மேல் போட்டாள். நீ சொன்னது இளஞ்சூடு. மூடி மறந்துபோன மீன்கூடையைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அடுப்படிக்கு ஓடி அண்டாவை முகர்ந்தேன், நாறியது. பொரித்ததை முகர்ந்தேன், அதுவும் நாறியது. பதற்றத்தில் வெறும் சோற்றையும் முகர்ந்தேன், அதுவும் நாறியது, அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். "மீன் கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டுங்க"னு அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். மீன் வியாபாரி வீட்டில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு முட்டை பொரித்துப் போட்டோம் மக்பூல். சொல்லியனுப்புகிறோம் என்று ஒரு வார்த்தையோடு போனார்கள்.

மறுநாள் கோதண்டம் வாசலில் நின்றான். "இன்னா பாய், உசுரோட குடுத்த மீனை நாறுதுன்னு கொட்டிக்கீறீங்க. இனிமே எங்கிட்ட மீனு கேக்காதீங்க"னு சொல்லிவிட்டுப் போனான். வியாழன் சாயங்காலம் மாமி மறுபடியும் சாம்பிராணி போட்டாள். வீட்டில் பேருக்குக்கூட மீன் இல்லை, ஆனால் அதே நாற்றம். அப்புறம்தான் டப்பாவைத் திறந்து பார்த்தோம். சுராயா "அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க வாப்பா"னு மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். காற்றைப் பிடிக்கிற குருணை என்று நான் போய்ச் சொன்னால், மீனோடு சேர்ந்து அப்பனுக்கு மூளையும் கெட்டுவிட்டது என்பார்கள்.

ஆகவே நீ உடனே உன் மேலதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, மீன் மேல் குற்றமில்லை, குருணைதான் நாறியது என்று கௌஸ் மைதீனுக்குத் தபால் அனுப்ப வேண்டும். டப்பாவைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே அது இஷ்டம்போல் வாயு பிடிக்கட்டும், நீ வந்து எடுத்துப் போ.

வேளைக்குச் சாப்பிடு. உன் உம்மாவுக்கு என் ஸலாம். உன் படிப்பு ஊருக்கு உபகாரமாகவும் உறவுக்கு உபத்திரவம் இல்லாமலும் இருக்க அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத மாமா
ஷாகுல் ஹமீது

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கௌஸ் மைதீனே பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் குருணையைப் பற்றி வாய் திறக்குமுன் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், வெயில்ல எந்த வூட்டு மீனும் கெடும். எலுமிச்சம்பழம் புழிஞ்சி நாத்தத்தை மறைச்சி எங்களுக்கு ஊத்தியிருக்கலாம், நாங்களும் துன்னுட்டுப் போயிருப்போம். மீன் யாவாரி நீங்க, மானம் போனாலும் பரவால்லனு எங்க கண்ணு முன்னாலயே கொட்டச் சொன்னீங்க. இந்த வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு எங்க வூட்ல ஒரே புடி"ன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம். சுராயா எழுந்து வந்து சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதனால் தபாலும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். கோதண்டத்தின் காலில் நான் தனியாகப் போய் விழுந்துகொள்கிறேன். நிச்சயத்துக்கு நீ அவசியம் வர வேண்டும், யாராவது கேட்டால் சோப்பு கம்பெனியில் வேலை என்று சொல். மீன் கெட்டுத்தான் போயிருந்தது.