எடையே இல்லாத பாலம்

பாலத்தின் எடை பூஜ்யம் என்று கணினி காட்டியபோது, பொறியாளர் முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திரையைத் துடைத்தார். பூஜ்யம் அழியவில்லை.

ஊருக்கு நடுவே ஓடும் ஓடையை மக்கள் நடந்து கடக்க ஓர் இரும்புப் பாலம் வேண்டும் என்று நகராட்சி கேட்டிருந்தது. எந்தக் கம்பெனியின் பாலம் எடை குறைவோ அதற்கே நகராட்சி வேலையைக் கொடுக்கும். எறும்புகள் கூட்டமாய் அலைந்து குறுக்கு வழி பிடிப்பதுபோல, இருப்பதிலேயே லேசான வடிவத்தைத் தேடிப்பிடிக்கும் மென்பொருளை மேலாளர் வாங்கிப் போட்டிருந்தார்.

"இந்த வேலை போச்சுன்னா உங்க நாற்காலியும் போயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியுமிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை.

இப்போது அவரே வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க, பாலத்தையே காணோம்?"

"இல்லாத பாலம் இடியாதுல்ல சார். எறும்பு அப்படி யோசிச்சிருக்கு."

"எறும்பு யோசிக்கட்டும். நீங்களும் கொஞ்சம் யோசிங்க."

பாலம் இருந்தே ஆகவேண்டும் என்று பொறியாளர் ஒரு விதி சேர்த்தார். எறும்புகள் கட்டிய பாலம் பாதி ஓடையோடு நின்றது. மறுகரையைத் தொடவேண்டும் என்றார். தொட்டது, நடக்கத் தளம் இல்லை. தளம் கேட்டார், கைப்பிடியைத் தின்றுவிட்டன. கைப்பிடி கேட்டார், பாலம் ஊஞ்சலாடியது. ஆடவே கூடாது என்று அடித்துச் சொன்னதும் ரயில் போகிற அளவுக்கு ஒரு பாலம் வந்து நின்றது.

வீட்டில் மனைவி சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை அந்த ஓடையை நேர்ல போய்ப் பாருங்களேன். நம்ம வீட்டு எறும்புகூட டப்பாவைச் சுத்திப் பாத்துட்டுத்தான் ஏறுது."

"எதுக்கு? அளவெல்லாம் வரைபடத்துலயே இருக்கு. இப்பல்லாம் இயற்கையே கம்ப்யூட்டருக்குள்ள வந்தாச்சு."

"அப்ப கரண்ட் போனா இயற்கையும் போயிடும்" என்றாள்.

கெடு முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்த ரயில் பாலத்தையே அனுப்பினார்.

முடிவு தெரியும் நாளில் நகராட்சி குமாஸ்தா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பொறியாளர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"வேலை போட்டிக் கம்பெனிக்குப் போயிடுச்சு சார்."

"அவங்க பாலம் என்ன எடை?"

"எடையே இல்ல. பாலமே வேணாம்னுட்டாங்க. அந்த ஓடையை எங்க இன்னொரு செக்ஷன் எப்பவோ மூடி, மேல ரோடு போட்டுட்டாங்க."

பொறியாளருக்கு மனைவியின் சர்க்கரை டப்பா நினைவுக்கு வந்தது. "அப்ப அவங்களாவது நேர்ல போய்ப் பாத்திருக்காங்க."

"அவங்க எங்க சார் போனாங்க? எறும்பு மென்பொருள் பூஜ்யம்னு காட்டிச்சாம், அதையே எழுதி அனுப்பிட்டாங்க. அவங்களை ஓடைக்கரைக்கே கூட்டிட்டுப் போய் நாலு வார்த்தை கேக்கலாம்னு போனப்பதான், ஓடை இல்லன்னு எங்களுக்கே தெரிஞ்சுது."