ஆட்டுப்பால் திருடனின் பெயர்மாற்ற மனு

ஒரு காட்டில், அதுவும் ஜெர்மனி தேசத்துக் காட்டில், ஊதோ என்றொரு பக்கி இருந்தது. நாம் திட்டுவதற்கு வைத்திருக்கும் பக்கி அல்ல; பறவைப் பக்கி. சாது. அந்தி சாய்ந்தால் ஆட்டுக்கொட்டகையைச் சுற்றிப் பறந்து பூச்சி பிடிக்கும். ஊரார் அதற்கு வைத்த பெயரோ 'ட்ஸீகன்மெல்கர்'. ஆட்டில் பால் கறப்பவன் என்று அர்த்தம். திருட்டுத்தனமாக மடியில் வாய் வைக்கிறதாம்!

ஒருநாள் மேய்ப்பன் எறிந்த கல் காலில் பட்டது. ஊதோ நொண்டிக்கொண்டே பெயர்ப்பதிவு அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் முன்னால் நின்ற கீச்சான் குருவிக்கு ஊரார் வைத்த பெயர் 'ஒன்பது கொலைகாரன்'.

"எட்டோடு நிறுத்திட்டேன்னு எழுதிக்கொடுக்க வந்தேன்," என்றது அது.

ஊதோவின் முறை வந்ததும் குமாஸ்தா முள்ளெலி நிமிராமலே சொன்னது: "படிவம் ஏழு, மூணு பிரதி. கூடவே, நீ பால் குடிக்கலைன்னு ஆட்டுகிட்ட சான்றிதழ்."

"குடிக்காததுக்கு எதுக்கு சார் சான்றிதழ்?"

"குடிச்சிருந்தா தேவையே இல்லையே."

ஊதோ கொட்டகைக்குப் பறந்தது. லீசல் என்ற ஆடு படிவத்தைப் படித்தது. ஒரு பிரதியைத் தின்றும் பார்த்தது.

"நீ யோக்கியன்னு எனக்குத் தெரியும் தம்பி. கையெழுத்து மட்டும் கேக்காதே."

"ஏன்க்கா?"

லீசல் குரலைத் தாழ்த்தியது. "மேய்ப்பன் கறக்க வரும்போது பாதிப் பாலை அடக்கிக்குவேன், என் குட்டிக்காக. பால் எங்கேன்னு அவன் தேடினா உன்னைப் பாத்து முழிப்பேன். உன் பேரைத் திருத்திட்டா என் குட்டி பட்டினிதான்."

அதன் பின்னாலிருந்து, வாயோரம் பால் வழிய, ஒரு குட்டி எட்டிப்பார்த்தது.

ஊதோவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அந்தக் குட்டியின் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது.

"இனிமே அவன் கல்லை எடுத்தா முன்கூட்டியே கத்திடுக்கா," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பியது.

"சான்றிதழ் எங்கே?" என்றது முள்ளெலி.

"இல்லை சார். பால் குடிச்சது நான்தான்."

முள்ளெலி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது. அதற்குக் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷ சர்வீஸ்ல உண்மை பேசின முதல் ஆள் நீதான்!" என்று எழுந்து நின்று கைகொடுத்தது. பழைய பெயரை உறுதிசெய்து முத்திரை குத்தியது. கையோடு ஒரு நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்தனுப்பியது.

நீதி: யோக்கியனுக்குப் படிவம் ஏழு, மூன்று பிரதி. திருடனுக்கு ஒரே முத்திரை.